ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு

செங்கம்
மே 18

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கயல் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள் என்று படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினேன். விவசாயம் படிக்க ஆசைப்படுகிறாள் என்றால் படிக்கட்டும், நீ குறுக்கே நிற்காதே. அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது தேவலை. காலையில் பால் வாங்கத் தானே போய் வருகிறார். இங்கே வெயில் கொளுத்துகிறது. பள்ளி திறக்கும் வரை எனக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, ஜூனில் திறந்ததும் "ஏதாவது ஆன்லைன்ல செய்யுங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார், எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் பயிற்சி வகுப்புக்குப் போனாலே கைநிறையக் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனால் திண்டாடிப் போவாய். நான் இப்போதெல்லாம் ஒரு கருவியைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்கிறேன். விடையைக் காட்டுவதற்கு முன்னால் இது பிள்ளையை யோசிக்க வைக்கிறதா? வைக்கிறது என்றால் எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

முதலில் பிளிக்கர்ஸ், வகுப்பில் எல்லோருடைய விடையையும் ஒரே நேரத்தில் வாங்கும் செயலி. உன் ஸ்மார்ட் போர்டே இல்லாவிட்டாலும் இது நடக்கும். பிள்ளைகளிடம் போன் இருக்க வேண்டியதில்லை, உன் கையில் ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம் இருக்கும், நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தனக்குச் சரியென்று படும் எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீ போன் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகக் காட்டினால் யார் எந்த விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஓர் அட்டையின் வடிவம் இன்னொன்றில் இருக்காது. அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்க முடியாது. எனக்குப் பிடித்ததே அதுதான். அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்து இறக்கிச் சாதாரணத் தாளில் அச்செடுத்தேன். பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி வெட்டியது பிள்ளைகள். லேமினேட் செய்துவிடாதே, ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமராவால் படிக்க முடியாது. இலவசக் கணக்கில் சில கட்டுப்பாடுகள் உண்டு, ஆனால் நம் தேவைக்கு அது போதும்.

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடந்தபோது மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, பனிக்கட்டி போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். "பனிக்கட்டி உருகினால் என்ன ஆகும்? வழியுமா, மட்டம் குறையுமா, அப்படியே இருக்குமா?" அட்டைகள் உயர்ந்தன. பாதிக்கு மேல் "வழியும்". நான் வாயே திறக்கவில்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, அவர் சொல்வது தப்பு என்று நினைத்தால் ஏன் தப்பு என்று சொல்" என்றேன், அவ்வளவுதான். வகுப்பு இரைந்தது. வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள், "மேலே துருத்திக்கிட்டு இருக்கிற பனிக்கட்டிக்கும் சேர்த்துத்தானே தண்ணி ஏற்கெனவே மேலே ஏறி நிக்குது" என்று பக்கத்திலிருந்தவளிடம் அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆர்க்கிமிடீஸ் சொன்னதை அவள் தன் வார்த்தையில் சொல்லிவிட்டாள், மல்லிகா. மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். "அப்படியே இருக்கும்" என்றவர்கள் ஏகமாகக் கூடியிருந்தார்கள். அதற்கப்புறம்தான் பனிக்கட்டி முழுசாக உருகும் வரை எல்லோரும் டம்ளரைச் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு சொட்டு வழியவில்லை.

இந்த முறை என்னுடையது இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியராக இருக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இப்படி வகுப்பு நடத்தத் தொடங்கினார். கேள்வி, தனித்தனியே விடை, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி விடை. மிகச் சிலரே சரியாகச் சொன்னால் பாடத்தை வேறு விதமாகத் திரும்ப நடத்த வேண்டும், கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லிவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம், நடுவில் நின்றால்தான் பேசவிட வேண்டும். கையைத் தூக்கச் சொல்லியும் இதைச் செய்யலாம்தான். ஆனால் கை தூக்கும்போது பிள்ளைகள் முதல் பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள் என்பது உனக்கும் தெரியும்.

தமிழுக்கு இது எப்படி என்று கேட்பாய். வல்லினம் மிகும் இடங்கள் நடத்தும்போது செய்து பார். "அந்த பையன்", மிகுமா மிகாதா? "ஒரு பையன்"? மனப்பாடம் செய்த விதியை ஒப்பிக்கிற பிள்ளை யார், புரிந்துகொண்ட பிள்ளை யார் என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கும்.

அடுத்தது ஃபெட், சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கருவிகள் உள்ள தளம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு இயற்பியலில் நோபல் வாங்கியவர் அவர். முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், எங்கள் ஊர் நெட்டை நம்பிப் பாடம் நடத்த முடியாது. மின்சுற்றுக் கருவியில் பேட்டரி, ஒயர், பல்பு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் இழுத்து வைத்துச் சுற்று அமைக்கலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் நிஜ பல்பு படம் மறைந்து பாடப்புத்தகக் குறியீடாக மாறும். பிள்ளைகள் வருஷா வருஷம் திணறும் இடம் அதுதான். குறியீட்டையும் பொருளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது அந்தத் திணறல் பெரும்பாலும் போய்விடுகிறது. பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேராக இணைத்தால் தீப்பிடிக்கிற மாதிரி காட்டும். ஆய்வகத்தில் அதைச் செய்து காட்ட எனக்குத் தைரியம் வராது.

அந்த வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "எலக்ட்ரான் பேட்டரியிலிருந்து கிளம்பிப் பல்பு வரைக்கும் போய்ச் சேர வேணாமா மிஸ்? ஸ்விட்ச் போட்ட உடனே எப்படி எரியுது?" திரையையே பார்க்கச் சொன்னேன். சுற்றை மூடிய அந்தக் கணத்திலேயே ஒயர் முழுக்க இருந்த நீலப் புள்ளிகள் எல்லாம் ஒன்றாக நகர ஆரம்பித்தன. "அது ஏற்கெனவே எல்லா இடத்துலயும் இருக்கு!" என்று அவனே கத்தினான். நம் வீட்டு ஒயரில் எலக்ட்ரான் நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது என்று அப்புறம் சொன்னபோது யாரும் நம்பாமல் விழிக்கவில்லை, கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒன்று, அடுத்த நாளே நிஜ பேட்டரியும் டார்ச் பல்பும் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒயர் சரியாகத் தொடாமல் பல்பு எரியாத அனுபவம் திரையில் கிடைக்காது.

கணக்குக்கு ஜியோஜீப்ரா, வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருள். மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கியது. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், வட்டத்தின் மேல் இருக்கும் புள்ளியை நகர்த்தினால் கோணம் கூடுமா குறையுமா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவேன். 90 அசையாமல் நிற்கும்போது "அப்போ புள்ளியை வட்டத்துக்குள்ள கொண்டுபோனா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். உள்ளே போனால் விரியும், வெளியே போனால் சுருங்கும். அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை.

வீடியோக்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைத் தட்டினால் திக்ஷா தளத்தில் பாடம் வருகிறது, மணற்கேணி செயலியில் வீடியோக்கள் இருக்கின்றன. வகுப்புக்கு வராத பிள்ளை வீட்டில் பார்த்துக்கொள்ள நல்லதுதான், அப்பா போனோடு வீட்டுக்கு வந்த பிறகு. ஆனால் வகுப்பு நேரத்தில் முழு வீடியோவையும் ஓடவிடாதே. பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள், நமக்கும் புரிந்துவிட்டது என்று தோன்றும். நான் நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவேன்.

சாட்ஜிபிடியை வினா தயாரிக்க மட்டும் தொடுகிறேன், அதுவும் விடை எனக்கு உறுதியாகத் தெரிந்த பாடத்தில். தப்பையும் சரியையும் ஒரே தோரணையில் சொல்கிறது, தெரியாத விஷயத்தில் எது எது என்று பிரிக்க முடியாது. பன்முகத் தெரிவு வினாவுக்கு நல்ல தவறான விடைகள் வேண்டும் இல்லையா, அவை நம் பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களில் குவிந்து கிடக்கின்றன. அவர்கள் உண்மையாகவே செய்யும் தவறுகள் அவை. விடைத்தாள் கட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதே.

இன்னொன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிள்ளைகளின் பெயர், போன் நம்பர், படம் எதையும் எந்தத் தளத்திலும் ஏற்றுவதில்லை. பிளிக்கர்ஸில் வரிசை எண் மட்டும் போட்டிருக்கிறேன். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி வருகிற பிள்ளைகள் அவர்கள்.

எனக்கென்று வைத்திருப்பது ஆங்கி, அட்டைகளைக் காட்டி மனதில் பதிய வைக்கும் செயலி. இங்கே சில பிள்ளைகளின் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், அவர்களுடைய அம்மாக்களிடம் நாலு வார்த்தை பேசலாமே என்று தெலுங்கு எழுத்தும் சொற்களும் கற்றுக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் இலவசம். அட்டையின் முன்பக்கத்தைக் காட்டும், நாமாக நினைவுபடுத்திப் பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். சரியாக வந்தால் சில நாள் கழித்து, அப்புறம் சில வாரம் கழித்துத் திரும்பக் காட்டும். மறந்துவிட்டால் உடனே கொண்டுவந்து நிறுத்தும். இதையே போன் இல்லாமல் பெட்டிகளை வைத்துச் செய்யும் வழியை 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் எழுதி வைத்திருக்கிறார். காலி சாக்பீஸ் பெட்டிகளை வகுப்பில் வரிசையாக வைத்தோம். வேதிக் குறியீட்டு அட்டைகள் முதல் பெட்டியில் தொடங்கும், சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு நகரும், தப்பினால் முதலுக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசியை எப்போதாவது. சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். செய்யுள் அடிகளுக்கும் சொற்பொருளுக்கும் நீ இதைச் செய்யலாம், கரண்டும் வேண்டாம்.

உனக்கென்று இரண்டு சொல்கிறேன். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் உனக்குத் தெரிந்திருக்கும், 1998 பொங்கலில் தொடங்கியது. அதிலிருந்து நூலை இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பார், அரைமணி நேரம் போவது தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்ததே, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. விடுதியில் நீ நூலகரிடம் கெஞ்சி அந்தத் தொகுதிகளை எடுத்து வருவாயே, இப்போது அத்தனையும் போனில்.

அப்புறம் ஈபேர்ட், பார்த்த பறவைகளைப் பதிவிடும் தளம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நீ இதில் இல்லை என்பதுதான் எனக்குக் குறை. மஞ்சள் மூக்கு நாரைகளும் வரித்தலை வாத்துகளும் உன் ஊருக்கு வந்து போகின்றன! பார்த்த பறவை, எண்ணிக்கை, நேரம், இடம் என்று பதிவிட்டால் போதும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் அதைச் சேர்த்து வைக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. போன முறை எங்கள் பிள்ளைகள் பள்ளி மைதானத்திலேயே நின்று எண்ணினார்கள். மைனா, காகம், கரிச்சான், பனை உழவாரன் என்று சாதாரணப் பறவைகள்தான். ஆனால் எண்ணத் தொடங்கியதும் உழவாரன் எப்போதும் அந்த ஒற்றைப் பனையைச் சுற்றியே ஏன் பறக்கிறது என்று கேட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஃபெட்டில் எல்லாவற்றுக்கும் தமிழ் இல்லை. அதைத் தன்னார்வலர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள், அதற்கான வசதி அவர்கள் தளத்திலேயே உண்டு. அறிவியலை நான் பார்த்துக்கொள்கிறேன், தமிழை நீ பார்த்துக்கொள். ஒன்றில் இருப்பது சின்னச் சின்னக் குறிப்புகள்தான், இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். பள்ளி திறப்பதற்குள் கயலையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. லேப்டாப் என்னிடம் இருக்கிறது, பிளிக்கர்ஸ் அட்டையில் ஒரு செட்டும் உனக்காக எடுத்து வைக்கிறேன். பஸ் டிக்கெட் போட்டதும் சொல், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தா