விளக்கைப் போட்டுப் பாடம் நடத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று தினமும் ஒரு பக்கம் வருகிறது. ஒன்று விடாமல் வாசிக்கிறேன். பொறியியல், மருத்துவம், வணிகவியல் எல்லாம் வந்தாயிற்று. ஓவியம், சிற்பம், நாடகம் இன்னும் வரவில்லை. அவையும் வரும் என்று நம்பி எழுதுகிறேன். என் மகள் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டாள். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

நான் சினிமா பேனர் வரைந்தவன். 1979-ல், 16 வயதில், ராயப்பேட்டையில் ஒரு பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவச் சேர்ந்தேன். ஒரு வருஷம் பிரஷ்ஷும் டப்பாவும் கழுவினேன். பிறகு துணிக்கு வஜ்ஜிரப் பசையும் வெள்ளைப் பொடியும் கலந்து பூசினேன். கட்டம் போட மாஸ்டர் விட்டது மூன்றாவது வருஷம். முகத்தில் கைவைக்க விட்டது ஏழாவது வருஷம். புளியந்தோப்பிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகும்போது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரியைத் தாண்டித்தான் போவேன். அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தை எத்தனையோ நாள் சைக்கிளை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பத்தாவது தேறாதவனுக்கு உள்ளே வேலை இல்லை என்று நினைத்து மறுபடி மிதிப்பேன். அந்தக் கல்லூரியை 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார், மண்பாண்டமும் உலோக வேலையும் செதுக்கு வேலையும் அங்கே பாடமாக இருந்தன என்பது மகளின் ஆசிரியை சொல்லி எனக்குத் தெரிந்தபோது எனக்கு 60 வயது. கைத்தொழில்காரனுக்காகவும்தான் அந்த வாசல் திறந்தது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தால் உள்ளே போய் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன்.

என் மகளின் முதல் ஆறு மாதம் மோசமாகப் போனது. வரைகிற வகுப்பில் சிக்கல் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள். கலை வரலாறு வகுப்பில்தான் சிக்கல். ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, திரையில் படம் போட்டு, அந்த இருட்டில் நின்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவள் உதட்டசைவு பார்த்துப் புரிந்துகொள்கிறவள். இருட்டில் உதடு எங்கே தெரியும்? வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'படம் தெரிகிறது, பாடம் தெரியவில்லை.' எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டாம் பருவத்தில் ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்தார். நான் சொல்ல வந்தது அவர் செய்ததைத்தான். முதல் வாரமே அவர் அந்த வகுப்பை மாற்றிப் போட்டார். இருட்டில் பேசுவதே இல்லை. படத்தைத் திரையில் போட்டுவிட்டு மூன்று நிமிஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு, என் மகளுக்கு முகம் தெரியும்படி நின்று பேசுவார். பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்பார். பிறகு மறுபடி இருட்டு, மறுபடி அதே படம், மறுபடி மூன்று நிமிஷம். ஒரு வகுப்பில் 40 படம் ஓட்டிய இடத்தில் இப்போது ஆறு படம்தான். மகளோடு படிக்கும் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அங்கிள், முன்னாடி லைட் ஆஃப் பண்ணா தூங்கிடுவோம். இப்போ பார்க்க வேண்டியிருக்கு." காது கேட்கிற 24 பேரும் அந்த வகுப்பில்தான் படம் பார்க்கப் பழகினார்கள். என் மகளுக்காகச் செய்தது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

சைகை மொழியில் ஓவியச் சொற்கள் சிலவற்றுக்கு மொழிபெயர்ப்பாளருக்கே சைகை தெரியவில்லை. வகுப்பே உட்கார்ந்து உண்டாக்கிக்கொண்டது. இரண்டு கையையும் தண்டவாளம் மாதிரி நீட்டித் தூரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவது. உள்ளங்கையைத் தரையோடு தேய்த்து இழுத்தால் விழும் நிழல். இப்போது அந்த வகுப்பில் எல்லோரும் எட்ட நின்று கையாலேயே பேசிக்கொள்கிறார்கள்.

ஒருநாள் அந்த ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய பேனர் துண்டு ஒன்றைப் பார்த்தார். ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும் உள்ள துண்டு. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து கம்பெனியை மூடியபோது நான் வெட்டி எடுத்து வந்தது. வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். "மாஸ்டர், எங்க பசங்களுக்கு நீங்க வந்து சொல்லிக் குடுக்கணும்" என்றார். 22 வருஷம் பேனர் வரைந்திருக்கிறேன். கம்பெனிக்கு வெளியே ஒருவர் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான்கு சனிக்கிழமை போனேன். வாசலில் பூ விற்கும் அம்மாவின் போட்டோவை, அவரிடம் கேட்டுக்கொண்டு, படமாக எடுத்துக்கொண்டோம். போட்டோ 3 அங்குலத்துக்கு 4 அங்குலம். அதில் அரை அங்குலக் கட்டம் போட்டால் 48 கட்டம். துணியில் ஒரு கட்டத்துக்கு 2 அடி. ஆக 12 அடிக்கு 16 அடி முகம். அண்ணா சாலையில் நாங்கள் வரைந்ததெல்லாம் இதே கணக்குதான், அளவுதான் பெரிது. வகுப்பில் 25 பேர். 24 பேருக்கு ஆளுக்கு இரண்டு கட்டம்.

அந்த 24 பேரில் ஒரு பையனுக்குப் பார்வை மிகக் குறைவு. பென்சில் கோடு அவனுக்குத் தெரியாது. அவனுடைய இரண்டு கட்டத்துக்கும் கோட்டின் மேலேயே சணல் நூலை வஜ்ஜிரம் வைத்து ஒட்டினேன். விரலால் தடவித் தடவி எல்லை பார்த்துக்கொண்டு வண்ணம் வைத்தான். அவனுக்கு வந்தது கன்னமும் காதோரமும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்கப் போனபோதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அவனுக்காக மற்ற பிள்ளைகள் களிமண்ணில் அந்தக் காலையும் கையையும் பிடித்துக் கொடுத்தார்கள் என்று மகள் எழுதிக் காட்டியிருந்தாள். செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், கூத்துக் குடும்பம். அரிதாரம் பூசத் தெரிந்தவன். முகத்தில் எந்த இடம் தூரத்துக்குத் தூக்கலாக நிற்க வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே அவன் சொன்னான். கிராமத்தில் விடியவிடிய கடைசி வரிசை ஆளுக்கும் முகம் தெரிய வேண்டுமே. அவன் கூத்துக் கட்டியதை இதற்கு முன் எந்த வகுப்பிலும் யாரும் படிப்பாக எண்ணியதில்லை. இந்த ஆசிரியை அதற்கும் மதிப்பெண் போட்டார்.

பேனர் வேலையில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. துணிக்கு ஒரு அடி தள்ளி நிற்பவனுக்கு முகம் தெரியாது. கோடும் திட்டும்தான் தெரியும். சாரத்தின் மேல் நிற்கும் ஆளுக்குச் சாலையின் எதிர்ப் பக்கம் நின்று மாஸ்டர் கையைக் காட்டுவார். பஸ்ஸும் லாரியும் போகிற இரைச்சலில் கத்தினால் கேட்காது. கையை மேலே தூக்கினால் புருவத்தை ஏற்று. விரலை மடக்கினால் உதட்டைக் குறை. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிழலைக் கூட்டு. நாங்கள் அத்தனை பேரும் வேலை நேரத்தில் காது கேளாதவர்களாகத்தான் இருந்தோம். வாழ்நாள் முழுக்க அந்தக் கைப்பேச்சில் பிழைத்தவன் வீட்டில் என் மகள் பிறந்தாள்.

பூக்கார அம்மாவின் முகத்தை வரைந்தபோது மைதானத்தின் மறுகோடியில் நின்று கை காட்டியவள் 25-வது ஆளான அவள்தான். 24 பேரும் கட்டத்துக்குக் கட்டம் திரும்பி அவள் கையைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். அந்தக் கண்ணின் வெளிச்சப் புள்ளியை மூன்று தடவை அழித்து வைக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை அது உட்கார்ந்தது. பூக்கார அம்மா சாயங்காலம் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என் மூக்குத்தியக் கூட விடலையே" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது நடப்பது எனக்கு நெஞ்சைப் பிடிக்கிறது. இந்த ஆசிரியையின் நியமனம் வருஷா வருஷம் புதுப்பிப்பது. விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. சைகை மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கப் பல்கலைக்கழகத்தில் 'அதற்கென்று கணக்குத் தலைப்பு இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேர வகுப்புக்கு 800 ரூபாயை அவர் தன் பையிலிருந்து கொடுத்திருக்கிறார். இது எங்களுக்குக் கடைசி வாரம்தான் தெரிய வந்தது. தெரிந்திருந்தால் நாங்கள் பெற்றோர்கள் பங்கு போட்டிருப்போம். வரும் ஆண்டு அவர் இருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தேர்வு வேறு. என் மகள் ஓவியத்தில் வகுப்பில் இரண்டாவது. கலை வரலாற்று எழுத்துத் தாளில் அரியர் வைத்திருக்கிறாள். அவளுடைய முதல் மொழி சைகை மொழி. தமிழில் இருப்பது போன்ற வேற்றுமை உருபுகள் அதில் இல்லை. அவள் எழுதும் தமிழில் 'ஐ'யும் 'ஆல்'லும் இடம் மாறும். திருத்துகிறவர் அதை அறியாமை என்று எடுத்துக்கொள்கிறார். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், நன்றி. தெரியாத மொழியில் எழுத ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் என்ன ஆகும்? சைகையில் பதில் சொல்கிறேன், வீடியோ எடுத்துத் திருத்துங்கள் என்று கேட்டாள். விதியில் இல்லை என்று பதில் வந்தது.

சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 17-வது பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்யச் சொல்கிறது. சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. 32-வது பிரிவு அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் பாடம் புரிய வேண்டாமா?

இப்படி எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் தரம் குறைந்துவிடும் என்று அந்தத் துறையிலேயே ஒரு மூத்தவர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். வயதில் பெரியவர், அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சாலையின் எதிர்ப் பக்கம் நின்று பார்த்தால் முகம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த 16 அடி முகம் நிற்கிறது. வந்து பார்க்கட்டும். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌதுரி நான் சைக்கிளை நிறுத்திப் பார்த்த அதே கவின் கலைக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக இருந்தவர். அந்த நான்கு பேரின் முதுகும் தோளும் பேசுவதை என் மகள் யாரும் சொல்லாமலே படித்துக்கொண்டாள். பேச்சு இல்லாமல் புரிய வைப்பதுதானே அந்தத் தொழில்? அதற்குக் காது கேளாத பிள்ளையைவிடத் தகுதியான மாணவர் யார்?

என்னைப் போன்றவர்களை அழைப்பதற்கும் வழி இருக்கிறது என்று ஆசிரியை காட்டினார். பல்கலைக்கழக மானியக்குழு 2022-ல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் ஏற்பாட்டில், 15 ஆண்டு தொழில் அனுபவம் உள்ளவருக்குப் பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடத்தில் 10 விழுக்காடு வரை நியமிக்கலாம். கவின் கலையும் அதில் உண்டு. 2023-ல் உள்ளூர்க் கலைஞர்களைக் கல்வி நிறுவனங்களோடு சேர்த்துக்கொள்ளவும் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம், வயதாகிவிட்டது. புரிசை பக்கம் கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். வடசென்னையில் பறை கட்டுகிற, வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். ஒருநாள் விழாவுக்கு அழைத்துச் சால்வை போட்டு அனுப்பாமல், பருவம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வகுப்பெடுக்கச் செய்யுங்கள்.

அந்த ஆசிரியைக்கு நிரந்தரப் பணியிடம் தர வேண்டும், அது முடியாவிட்டால் இந்தப் படிப்பு முடியும் வரையாவது நியமனத்தை நீட்டிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சம்பளம் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து போக வேண்டும். அரியர் தாளை என் மகள் சைகையில் எழுத அனுமதிக்க வேண்டும். எழுத என்றுதான் சொல்கிறேன், அவளுக்கு அதுதான் எழுத்து. இது ஒரு பிள்ளைக்காகக் கேட்பது இல்லை. இந்த ஆண்டு சேர்க்கைக்குக் காது கேளாத இன்னும் இரண்டு பிள்ளைகள் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களின் தாய்மார்கள் என் வீட்டுக்கு வந்து, சேர்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

பல்கலைக்கழக ஆட்சிக்குழு இந்த மாதக் கடைசியில் கூடுகிறது என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும். மகள் இன்னும் இரண்டு ஆண்டு அங்கே படிக்க வேண்டும் என்பதால் என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பேனர் ஓவியர்,
புளியந்தோப்பு, சென்னை.