ஹாம்ப்டன் கே நடைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆக்ஸ்ஃபர்டுக்கு வடக்கே, செர்வெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஹாம்ப்டன் கே என்ற குக்கிராமத்துக்குப் போன ஞாயிறு ஏழு குடும்பங்களாக நடந்து போய்வந்தோம். விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், வயல் நடுவே ஒரு தேவாலயம், 1887-இல் தீப்பிடித்துக் கூரை போன ஒரு மாளிகை. ஊர் அவ்வளவுதான். அந்த ஊரை எங்களுக்குத் திறந்து காட்டியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பக்கத்து ஊர்ப் பெரியவருக்கு. எண்பது வயதில், சேற்று வரப்பில் எங்களுக்கு முன்னால் நடந்தார். மாளிகைக்கு எதிரே நின்று 1596-ஐப் பற்றிச் சொன்னார். விளைச்சல் பொய்த்த வருஷங்கள். உழுத நிலத்தையெல்லாம் வேலி போட்டு ஆட்டுக்கு விட்டார்கள். அதை எதிர்த்துப் பார்த்தலோமியூ ஸ்டியர் என்ற தச்சர் ஆள் திரட்டினார். என்ஸ்லோ குன்றுக்கு வந்து சேர்ந்தவர்கள் சிலரே. அடுத்த வருஷம் இருவரை அங்கேயே தூக்கிலிட்டார்கள். ஆனால் அதே 1597-இல், மேய்ச்சலாக்கிய நிலத்தை மறுபடி உழவேண்டும் என்று சட்டமும் வந்தது. இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நானூறு வருஷத்துக்கு முந்தைய பசி அவருக்குத் தன் வீட்டுக் கதைதான்.

அப்புறம், ஆவணக் காப்பக ஊழியருக்கு. 1874 டிசம்பர் 24-இல் இந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்த ரயில் விபத்துச் செய்தியைத் தேடி, ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து மைக்ரோஃபிலிமைச் சுழற்றினார். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்காக ஆக்ஸ்ஃபர்டில் சேர்த்த பழைய பெட்டியின் சக்கரப் பட்டை உடைந்து, பெட்டிகள் சரிந்து, 34 பேர் இறந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு மாளிகைக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை, அந்தச் சாபம்தான் பிறகு தீயாக வந்தது என்பது ஊர்ப்பேச்சு. நான் மனசில் வைத்துக்கொண்டது இன்னொன்றை: இறந்தவர்களைக் கிடத்த ஊர்க் காகித ஆலையில் இடம் கிடைத்தது. பனிக்காலத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு. இடம் கொடுத்தவர்களுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி சேரட்டும்.

குழந்தைகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மாடுகளை வேறு வயலுக்கு ஓட்டிவிட்ட விவசாயிக்கும், வெந்நீரும் தேநீரும் சுமந்து வந்த தோழிகளுக்கும் நன்றி.

பெரியவரே, குழந்தைகள் வரைந்த மாளிகைப் படங்கள் பத்து இருக்கின்றன. வரும் சனிக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
நடைக் குழுவின் சார்பில்