காசைக் குடுத்துட்டுச் சாப்பிடு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுறது.

இங்க எல்லாரும் சுகம். நீயும் சுகமா இருக்க மாரியம்மாவை வேண்டுறேன். மழை விட்டபாடில்ல. தீபாவளி அட்வான்ஸ் குடுத்தாங்க, வழக்கம்போல மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. தம்பிக்கு அட்டன்ல சட்டை எடுத்தாச்சு. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கு, தைலம் தேய்க்கச் சொன்னா கேக்க மாட்டார். இதெல்லாம் போன்லயே சொல்லலாம். ஆனா போன்ல பேசும்போது அப்பா பக்கத்துலயே நிக்கிறார், நீயும் 'ம்ம்' 'ம்ம்'னு வச்சிடுற. அதனாலதான் எழுதுறேன்.

நீ அனுப்பின படம் பார்த்தோம். மெல்பன்ல, ஃபுட்ஸ்க்ரேயில வியட்நாம் கடையில கூட்டாளிங்களோட சாப்பிடுற படம். முகம் தெளிஞ்சிருக்கு. கழுத்தெலும்பு தெரியுதுன்னு அப்பா சொன்னார், அவர் உன்னைப் பார்த்தா எப்பவும் அதைத்தானே சொல்லுவார். பிளாஸ்டிக் கதிரை, எவர்சில்வர் மேசை, சுவர்ல பெரிய காலண்டர். நம்ம அட்டன் பஸ் ஸ்டாண்ட் கிட்ட இருக்கிற சைவக்கடை ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு. சுத்தமா இருக்கு, அது போதும்.

படத்தை விட, அதுக்குக் கீழ நீ எழுதியிருந்ததுதான் மனசுல நிக்குது. "இது ரொம்ப மலிவான கடைம்மா, அதுலயும் ஆன்ட்டி எங்ககிட்ட காசே வாங்க மாட்டாங்க"ன்னு எழுதியிருக்க. எங்ககிட்டன்னா யார் யார்கிட்ட? மேசையில ஆறு பேர் உக்காந்திருக்கீங்க. ஆறு பேர்கிட்டயும் வாங்க மாட்டாங்களா? கடை வச்சுப் பிழைக்கிற ஒரு பொம்பள வாராவாரம் ஆறு கோப்பை ஃபோ நூடில்ஸ் சூப்பு சும்மா ஊத்தினா அந்தக் கடை நிக்குமா? சும்மாதான் கேக்குறேன்.

ஒரு கோப்பை பதினாறு டாலர்னு முன்னாடி நீ சொன்னப்ப தம்பி கணக்குப் பார்த்தான். நம்ம காசுக்கு மூவாயிரத்துக்கு மேல. இங்க 2024ல நாள் சம்பளத்தை 1350 ஆக்கினாங்க, அந்தக் கணக்குல ரெண்டு நாள் வேலைக்குப் பேர் போட்டாலும் 2700 தான். அங்க அது மலிவுக் கடை. அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. ரெண்டு நாள் பேரை விடக் கூடுன சாப்பாட்டை ஒருத்தர் சும்மா போட்டா, வாங்குற ஆள் யோசிக்கணும். கொழும்புல பெரியம்மா மக கதை உனக்குத் தெரியும். அதுவும் சாப்பாட்டுலதான் ஆரம்பிச்சது. அதை நான் திரும்ப எழுத வேண்டியதில்ல.

காசைக் குடுத்துட்டுச் சாப்பிடு. வாங்க மாட்டேன்னா மேசையில வச்சிட்டு வா.

அந்த சூப்பு எப்படி வைக்கிறாங்கன்னு நீ சொன்னதை, பிள்ளைகளை விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல எல்லாருக்கும் சொன்னேன். எலும்பை மணிக்கணக்கா அவிய விட்டு, பட்டை, அன்னாசிப்பூ, கராம்பு போட்டு, வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்புல கருகச் சுட்டுப் போடுவாங்கன்னு. சுட்டுப் போடுறதுதான் ருசின்னு மேல்பிரிவு ஆயாவும் சொன்னா, அவளுக்கு எல்லாம் தெரியும். முளைப்பயறையும் துளசியையும் பச்சையா தட்டுல வச்சு, தேசிக்காய் பிழிஞ்சு, அவங்கவங்களே பிச்சுப் போட்டுக்கிறது நல்ல பழக்கம். நெத்தலியையும் உப்பையும் பீப்பாயில மாசக்கணக்கா ஊற வச்சு வடிக்கிற தண்ணியைத்தான் உப்புக்குப் பதிலா ஊத்துறாங்கன்னு நீ சொன்னப்ப தம்பி மூக்கைப் பொத்திக்கிட்டான். நேத்து ராத்திரி கட்ட சம்பலுக்கு மாசிக் கருவாடு பத்தலன்னு சண்டை போட்டவனும் அவன்தான்.

ஆனா எலும்புன்னு மட்டும் சொன்னியே, என்ன எலும்புன்னு சொல்லல. அது மாட்டெலும்புன்னு தம்பி போன்ல பார்த்துச் சொல்லிட்டான். கோழி போட்டு வைக்கிறதும் உண்டாம், ஃபோ கான்னு கேட்டா குடுப்பாங்களாம். தாத்தா மாடு வளர்த்து, பால் ஊத்தித்தான் என்னை எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்க வச்சார். நீ என்ன சாப்பிடுறன்னு நான் கேக்கல. வளர்ந்த பிள்ளை. கோழி போட்டது உண்டுன்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்தக் கடைக்காரம்மா கதையை நீ சொன்ன அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. சைகோன் 1975ல விழுந்த பிறகு சனம் படகேறி ஓடினதும், அந்தம்மா கைப்பிள்ளையா மலேசியாப் பக்கம் பிடோங் தீவு முகாம்ல கிடந்ததும். இங்கயும் அப்படித்தானே. 1948ல நம்ம மலையகத்து ஆளுகளை நாடில்லாதவங்க ஆக்கினாங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாப் பக்கம், மூணு லட்சம் பேர் இலங்கைப் பக்கம்னு பங்கு போட்டாங்க. என் அத்தை அட்டன் ஸ்டேஷன்ல அழுகைக் கோச்சின்னு சொல்லுவாங்களே, அந்த ரயில்ல ஏறி, தலைமன்னார்ல கப்பல் பிடிச்சுப் போனவ. கோத்தகிரியில அங்கயும் கொழுந்துதான் எடுத்தா. அவ வீட்டுக்கு யார் போனாலும் முதல்ல சோறு, பிறகுதான் நீ யாருன்னு கேப்பாளாம். அதனால அந்தம்மா சாப்பாடு போடுறது எனக்கு அதிசயமில்ல. ஊரை விட்டு வந்தவங்க கை அப்படித்தான்.

ஆனா இன்னொன்னும் இருக்கு. அப்படிப்பட்டவங்க ஒருத்தரை வீட்டு ஆளா நினைச்சுட்டா லேசுல விட மாட்டாங்க. அத்தையும் அப்படித்தான். அதை யோசிச்சுக்க.

அந்தக் கோப்பியையும் தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான். கிளாஸ் அடியில டின்பால், மேல சொட்டுச் சொட்டா கறுப்புக் கோப்பி, பிறகு ஐஸ். பிரெஞ்சுக்காரங்கதான் அங்க கோப்பி கொண்டு போனாங்களாம், இப்ப பிரேசிலுக்கு அடுத்து வியட்நாம்தானாம் உலகத்துல. அவன் ஏஎல் பரீட்சைக்கு வரலாறு எடுத்ததுல இருந்து வீட்டுல ஓயாத பாடம். நம்ம பாட்டன் பூட்டன் இந்தியாவுல இருந்து வந்ததும் தேயிலைக்கு இல்ல, கோப்பிக்குத்தான்னு ஆரம்பிச்சான். 1869ல இலையில துரு நோய் வந்து கோப்பி எல்லாம் அழியலன்னா, லூல்கந்துரையில டெய்லர் தொரை 1867ல போட்ட தேயிலை இவ்வளவு பரவியிருக்காதாம். அப்ப நானும் கோப்பிக்காட்டுலதான் நின்னிருப்பேன்னு அப்பா சொன்னார். எங்க நின்னாலும் கூடை கூடைதான்.

நீ நல்லாப் படிக்கிறன்னு தெரியும். நம்ம லயத்துல இருந்து மெல்பன் போய் நேர்ஸிங் படிக்கிற முதல் பிள்ளை நீ. காலையில வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்களத்துல கங்காணி கூட நின்னு விசாரிக்கிறார். புள்ளக்காம்பராவுக்குப் பிள்ளைகளை விட வாற தாய்மார், "அக்கா, மக எப்படி இருக்கா"ன்னு கேட்டுட்டுத்தான் மலைக்குப் போவாங்க. நான் ஒன்னும் பெருமை அடிக்கிறதில்ல, கேட்டா சொல்லுறேன். என் தாலிக்கொடி இன்னும் அடகுக் கடையிலதான் இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லுறதில்ல. உன்கிட்டயும் அதுக்காகச் சொல்லல. பதினாலு நாளைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னியே, அதுக்கு மேல போயிடாத. காசு அவசரமில்ல. படிப்பு முடியட்டும்.

மாத்தளைக்காரங்க மறுபடி பேசினாங்க. படிப்பு முடியட்டும்னு அவங்ககிட்டயும் அதையே சொல்லி வச்சிருக்கேன். நான் சொன்னது சரிதானே? வேற மாதிரி சொல்லணும்னா எனக்கு எழுது. அப்பாவுக்கு எழுதாத, எனக்கு எழுது.

படத்துல நீங்க எல்லாரும் கேமராவைப் பார்க்குறீங்க. பின்னால ஏப்ரன் கட்டிக்கிட்டு தட்டோட நிக்கிற பிள்ளை மட்டும் வேற எங்கயோ பார்க்குது. எங்கன்னு அப்பா கவனிக்கல. அவருக்குக் கண்ணாடி மாத்தணும், அடுத்த மாசம் நுவரெலியா கூட்டிட்டுப் போறேன். தம்பி கவனிச்சான், "அது ஆன்ட்டி மகனா"ன்னு உன்கிட்டயே கேட்டானாம், நீ "ஆமா"ன்னு ஒத்தைச் சொல்லோட விட்டியாம். தம்பிகிட்ட சொன்ன அந்த 'ஆமா'வை நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாம். சரி, விடு. நல்ல உயரம்தான். தட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கிற விதத்தைப் பார்த்தா வேலை தெரிஞ்ச பிள்ளை.

ஒழுங்கா நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தனியா ரயில்ல வராத. காசைக் குடுத்துட்டுச் சாப்பிடு.

கணக்கப்பிள்ளை ஐயா மகன் தீபாவளி முடிஞ்சு மெல்பன் போறான். கருவாடும் குடுத்து விடலாம்னு பார்த்தேன், அங்க ஏர்போட்ல சோதனை கடுமை, பறிச்சாலும் பறிச்சிடுவாங்கன்னு முகத்தைச் சுளிச்சிட்டான். தேயிலை மட்டும் கொண்டு வாறேன்னான். தேயிலை ஸ்டோர்ல வேலை செய்யிற மாமாகிட்ட சொல்லி நல்ல தூளா ரெண்டு பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன். ஒன்னு உனக்கு. மற்றது அந்தக் கடைக்காரம்மாவுக்கு. சும்மா போட்ட சாப்பாட்டுக்குப் பதில்னு சொல்லிக் குடு, வேற அர்த்தம் எதுவும் இல்ல. கொதிக்கிற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிசம் மூடி வைக்கச் சொல்லு. டின்பால்தான் அவங்ககிட்டயே இருக்கே. ரெண்டு பாக்கெட்டும் உனக்குத்தான்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், நீயும் அப்படியே சொல்லு.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: அந்தம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?