எழுதுகிறவர்களையும் கேள்வி கேளுங்கள்: சபை மேய்ப்பர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான மேய்ப்பர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

நம் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். பல ஆண்டுகளாக இணையத்தில் வேத தியானங்களும் கட்டுரைகளும் எழுதிவரும் ஒரு சபை அங்கத்தினனாக இம்மடலை எழுதுகிறேன். பிரசங்க பீடத்தில் நிற்பவரையும் ஞாயிறு பள்ளியில் கற்பிப்பவரையும் அழைத்து, சோதித்தறிந்து, ஜெபித்து அனுப்புகிற நீங்கள், எழுதுகிறவர்களை மட்டும் அவர்கள் போக்கில் விட்டுவிட்டீர்கள் என்பது என் மனக்குறை. எங்களைக் கேள்வி கேளுங்கள். கேட்ட பின்பு எங்களுக்குத் துணை நில்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

எரேமியா 36ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது, எரேமியா தீர்க்கதரிசியின் வார்த்தைகள் எழுதப்பட்ட சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டதைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அதற்கு முன்பு நடந்த ஒரு சிறு உரையாடல் என்னை அதிகமாகப் பாதித்தது. எரேமியாவுக்காக எழுதி, ஆலயத்தில் அந்தச் சுருளை வாசித்த பாருக்கைப் பிரபுக்கள் அழைத்து, உட்காரச் சொல்லி, தங்கள் முன்பாக மறுபடியும் வாசிக்கக் கேட்டார்கள், பயந்தார்கள், அதன்பின் இந்த வார்த்தைகளையெல்லாம் எப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். எரேமியா தன் வாயினால் சொல்லச் சொல்ல நான் மையினால் எழுதினேன் என்று அவன் பதில் சொன்னான். உடனே அவர்கள், நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்றார்கள். எழுத்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தவர்களே எழுதினவனின் பாதுகாப்பைப் பற்றியும் கவலைப்பட்டார்கள். நான் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, 'இதை எப்படி எழுதினாய், எதைப் படித்தாய், யாரிடம் கேட்டாய்' என்று எந்த மூப்பரும் என்னைக் கேட்டதில்லை. ஒரு வசனத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் தியானக் கட்டுரையைத் தயாரித்துத் தரும் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில், அந்தக் கேள்வியின் அவசியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துப் பர்னபாவையும் சவுலையும் அனுப்பியதாக அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. உள்ளத்தில் எழும் பாரத்தைச் சபையும் அறிந்து உறுதிப்படுத்துவதே அழைப்பின் ஒழுங்கு என்று நீங்களே எங்களுக்குக் கற்பித்திருக்கிறீர்கள். இணையத்தில் எழுதுகிறவருக்கோ அந்த உறுதிப்படுத்தல் கிடைப்பதில்லை. எத்தனை பேர் வாசித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற கணக்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு எதை வளர்க்கிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். புலம்பல் புத்தகத்தைப் பற்றிப் பொறுமையாக எழுதிய கட்டுரை ஒரு சிலரோடு நின்றுவிடும். இன்னொரு சபைப் பிரிவின் உபதேசத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினால் அன்றிரவே அது ஊரெல்லாம் சுற்றிவரும். மக்களை நீண்ட நேரம் பிடித்துவைப்பதற்காகவே இத்தளங்கள் அமைக்கப்பட்டிருப்பதால், கோபத்தைக் கிளறுகிற எழுத்து முன்னே தள்ளப்படுகிறது. எழுதுகிறவர் தம்மையறியாமலே அடுத்த கட்டுரைக்கும் ஒரு எதிரியைத் தேடத் தொடங்குகிறார். அதற்கு வைராக்கியம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறார். 'நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ?' என்று கர்த்தர் பாருக்கிடம் கேட்ட கேள்வியை எங்களிடம் வந்து கேட்க, எங்களை நேரில் அறிந்த ஒருவர் வேண்டும். முகம் தெரியாத வாசகரால் அதைக் கேட்க முடியாது.

எழுத்து தனியாகப் போய்ச் சேருகிறது என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். பவுலின் நிருபங்கள் அப்படிப் போகவில்லை. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தோடு அவருடைய உடன் ஊழியரான தீகிக்கு போனார். என் காரியங்களையெல்லாம் அவன் உங்களுக்கு அறிவிப்பான், உங்கள் இருதயங்களைத் தேற்றுவான் என்று பவுல் அதிலேயே எழுதியிருக்கிறார். ரோமருக்கு எழுதியதிலும், அதைக் கொண்டுசென்றவராகக் கருதப்படும் பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறார். யோவானோ காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேச விரும்புகிறேன் என்று சொல்லித் தம் இரண்டாம் நிருபத்தை முடித்துக்கொள்கிறார். எங்கள் கட்டுரைகளோடு எந்தத் தீகிக்குவும் போவதில்லை.

சுகமளித்தலைக் குறித்து நான் எழுதிய ஒரு கட்டுரையை வாசித்துவிட்டு, ஒரு தாய் நள்ளிரவில் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மூன்றே வரிகள். குழந்தை இறந்துவிட்டது, தன் விசுவாசம் போதவில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? கட்டுரையில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய துக்கத்தில் அப்படி வாசிக்க இடமிருந்தது. நீண்ட பதில் ஒன்றை எழுதினேன், துன்பப்பட்டவனையே குற்றம்சாட்டிய யோபுவின் நண்பர்களைப் பற்றியும், யாருடைய பாவமும் காரணமல்ல என்று பிறவிக் குருடனைப் பற்றி ஆண்டவர் சொன்னதைப் பற்றியும் அதில் விளக்கினேன், அனுப்பாமல் அழித்தேன். அப்படி நான் நினைக்கவில்லை, அது உங்கள் குற்றமல்ல என்று மட்டும் எழுதி, இப்போது உங்களோடு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, சபைக்குப் போவதை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. அவருடைய கதவைத் தட்டி, உள்ளே போய், பேசாமல் உட்கார்ந்திருக்க ஒரு மேய்ப்பர் தேவைப்பட்டார். என்னிடம் இருந்ததோ விசைப்பலகை மட்டுமே. வேறொரு சபையின் மூப்பர் ஒருவரை, அந்தத் தாயின் சம்மதத்தோடு, தெரிந்தவர்கள் மூலம் தேடிப்பிடிக்க முடிந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்கு அவர் தயங்காமல் போனதற்காக இன்றும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

இப்படிப்பட்ட செய்திகள் எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் வருகின்றன. 2020இல் ஆலயங்கள் பூட்டப்பட்டிருந்தபோது எங்கள் எழுத்தை நீங்களே தேடி வந்து பகிர்ந்துகொண்டீர்கள். கதவுகள் திறந்த பின்பு, கூட்ட அறிவிப்புகளைப் போடுவதற்கு மட்டும் எங்களை அழைக்கிறீர்கள். இது குற்றச்சாட்டு அல்ல, நடந்தது இதுதான். நாங்கள் வாசகரை அழைத்துவந்தால் அவரை ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சரிபார்க்கும் காரியத்திலும் உங்கள் கண்டிப்பு தேவைப்படுகிறது. ஆப்கானிஸ்தானில் மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள் என்ற செய்தியை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். அது ஆண்டுக்கணக்காகச் சுற்றிவருகிற பொய்ச் செய்தி. தேதி இல்லாமல் 'நாளை' என்று மட்டும் இருப்பதால் அதற்கு வயதாவதில்லை. பக்தியுள்ளவர்கள் அதைப் பகிர்கிறார்கள், சில வேளைகளில் பிரசங்க பீடத்திலிருந்தும் அறிவிக்கிறார்கள். ஜெபிக்கத்தானே சொல்கிறோம், அதில் என்ன தவறு என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. மெய்யாகவே உபத்திரவப்படுகிற விசுவாசிகளைப் பற்றிய செய்தியையும் உலகம் நம்பாமல் போவதற்கு இதுவே வழி செய்கிறது. லூக்கா எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்த பின்புதான் தெயோப்பிலுவுக்குத் தம் சுவிசேஷத்தை எழுதினார்.

தவறு வெளிப்படும்போது அதைத் திருத்துவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஆதித் திருச்சபையின் போதகரான அகஸ்டின் தம் முதிர்வயதில், கி.பி. 426, 427 வாக்கில், அதுவரை தாம் எழுதிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கெங்கே திருத்தம் தேவை என்று வெளிப்படையாகப் பதிவு செய்தார். இணையத்திலோ யாருக்கும் தெரியாமல் ஒரு வரியை மாற்றிவிடலாம்; நேற்று வாசித்தவருக்கு இன்று அது மாறியிருப்பது தெரியாது. திருத்தத்தையும் தேதியையும் கட்டுரையின் தலைப்பிலேயே போடவேண்டும் என்று சபை எங்களிடம் கேட்டால், முணுமுணுக்கிறவர்களும் நாளடைவில் பழகிக்கொள்வார்கள்.

சாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் ஜெபத்திற்காகச் சொன்ன துயரத்தை, பெயரை மாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில், அவரைக் கேளாமல் வெளியிடக்கூடாது. அவரை அறிந்தவர்களுக்கு விவரங்களே போதும். காணிக்கை கேட்டு எழுதுவதானால், அந்தப் பணம் சபையின் கணக்குக்கு உட்பட்டதாக இருக்கட்டும்.

நான் கேட்பது பெரிய ஏற்பாடு அல்ல. சபையில் எழுதுகிறவர்கள் யார் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். வேத அறிவுள்ள இருவரை நியமித்து, உபதேசம் சார்ந்த கட்டுரைகளை வெளியாகும் முன்பு அவர்கள் வாசிக்கும்படி செய்யுங்கள். அவர்களில் ஒருவராவது எழுதுகிறவரின் நண்பராக இல்லாதிருப்பது நல்லது. இது தணிக்கையாகிவிடும் என்று என் எழுத்து நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். சபையின் நிர்வாகக் குறைகளைப் பற்றி எழுதுவதை அடக்க இதைப் பயன்படுத்தினால் அவர்களுடைய அச்சம் நியாயமாகிவிடும். ஆகையால் வாசிப்பவர்களின் வேலை வேதத்துக்கும் உண்மைக்கும் பிறருடைய மதிப்புக்கும் உட்பட்டது மட்டுமே என்று முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள். வாசகர்களிடமிருந்து வரும் அவசர வேண்டுதல்களை ஏற்க ஒரு மூப்பரின் பெயரை எங்களுக்குத் தாருங்கள். வாசகர் தூரத்தில் இருப்பவரானால், அவருக்கு அருகிலுள்ள சபையைத் தொடர்புகொள்ளும் பொறுப்பை அந்த மூப்பர் ஏற்கட்டும். ஞாயிறு ஆராதனையில் ஊழியங்களுக்காக ஜெபிக்கும்போது எழுத்து ஊழியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூப்பர் கூட்டத்தில் இதைப் பேச இடம் கொடுத்தால், இன்னும் வெளியிடாத கட்டுரைகளை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். அவற்றில் ஒன்று நியாயத்தீர்ப்பைப் பற்றியது. அதன் இரண்டாம் பகுதியை வெளியிடலாமா என்பதில் எனக்கே தெளிவில்லை, அதிலிருந்து தொடங்கலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை அங்கத்தினன்