வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

அப்பாவின் டொயோட்டா கொரோலா கேஈ 70 புது எஞ்சினில் ஓடத் தொடங்கிவிட்டது. ஒயில் ஒழுக்கு இல்லை, சூடு ஏறவில்லை, கியர் எல்லாம் சுகமாக விழுகிறது. வருகிற ஏப்ரலில் நுவரெலியாவுக்கு, மகாகஸ்தோட்டை ஹில் கிளைம்ப் என்ற மலையேற்றக் கார்ப் போட்டிக்கு, லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். 1934இல் தொடங்கிய ஓட்டம் அது. அப்பா இளவயதில் பார்க்கப் போன இடம்.

யார் செய்த கார் என்று கேட்கிறார்கள். என் பெயரை மட்டும் சொல்வது நியாயமில்லை, அதனால்தான் இந்த மடல். யாருடைய பெயரையும் இங்கே போடவில்லை. சிலர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மற்றவர்களில் ஒருவர் விடுபட்டாலும் மனத்தாங்கல் வரும். வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

இந்தக் காரில் முதலில் இருந்தது 4கே, 1290 சிசி. தள்ளுகோல் வைத்த பழைய வகை, பாவம், எதைச் சொன்னாலும் செய்யும், ஆனால் மலையில் மூச்சு வாங்கும். இப்போது இருப்பது ஏஈ 111 கொரோலாவில் வந்த 4ஏ-ஜிஈ, கறுப்பு மூடி போட்ட இருபது வால்வு எஞ்சின். 1587 சிசிதான். ஆனால் ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைத் திறந்துவிடத் தனித்தனி திராட்டில். 7,800 சுற்றில் 165 குதிரைச் சக்தி என்பது டொயோட்டாவின் கணக்கு.

பழைய எஞ்சின் விற்கும் பஞ்சிகாவத்தை நானாவுக்குத்தான் முதல் நன்றி. அவர் கடையில் ஒரு எஞ்சின் இருந்தது, வெளியே பளபளவென்று. காசு என் கையில் இருந்தது. அவரே சிலிண்டர் அழுத்தம் பார்க்கும் கொம்பிரஷன் கேஜைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தார். மூன்று சிலிண்டர் ஒரே அளவு காட்டியது, நாலாவதில் முள் பாதியிலேயே நின்றது. “தம்பி, இத எடுக்காதீங்க. ஓட்டத்துக்கு இது சரிவராது. பொறுங்க, வேற ஒண்டு வரும்” என்றார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் போனது. சொன்ன மாதிரியே நல்லது ஒன்று வந்ததும் எனக்குத்தான் முதலில் போன் எடுத்தார். வாகன இறக்குமதி நின்றுபோய், பழைய சாமானுக்குக்கூட விலை ஏறிக்கிடந்த காலத்தில் இப்படி ஒரு மனுஷன்!

அப்புறம் தகட்டு வேலை செய்யும் எங்கள் ரிங்கரிங் பாஸ். இந்த எஞ்சின் முன்சக்கரத்தால் இழுக்கும் காருக்காகச் செய்தது, குறுக்காக உட்காரும். எங்கள் காரில் நீளவாட்டில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் எஞ்சின் தலையின் பின்பக்கம் இருக்கும், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வோல் தகட்டில் நேரே போய் இடிக்கும். தகட்டை வெட்டி இடம் எடு என்று பலரும் சொன்னார்கள். பாஸ் கிரைண்டரை எடுக்கவே மறுத்துவிட்டார். “வேணாம் மல்லி. எஞ்சின்ல நெருப்புப் பிடிச்சா உங்களுக்கும் நெருப்புக்கும் நடுவுல இருக்குறது இந்தத் தகடு மட்டுந்தான்.”

சரி, தகட்டை வெட்டாமல் டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டோம். அந்த ஓட்டையை அடைக்க கிராண்ட்பாஸ் லேத் கடை அண்ணா அலுமினியத்தில் ஒரு மூடி கடைந்து தந்தார், ஓ-ரிங் உட்காரப் பள்ளமும் போட்டு. இனி எந்த நேரம் பொறி அடிக்க வேண்டும் என்று எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவுக்கு யார் சொல்வது? அதற்கு எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் உள்ள புலியில் ஒரு பல்சக்கரம்: 36 பல்லுக்குப் பிரித்து ஒன்றை எடுத்துவிட்டது. அந்த இடைவெளி சென்சரைக் கடக்கும்போதுதான் கிராங்க் எங்கே நிற்கிறதென்று ஈசியூவுக்குப் புரியும். சக்கரம் ஒரு மயிரளவு ஆடினாலும் மேல் சுற்றில் கணக்குப் பிசகும் என்று அண்ணா ஆட்டம் அளக்கும் டயல் கேஜ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடை மூடும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

இந்த எஞ்சினை நீளவாட்டில் வைத்துப் பூட்ட வத்தளைப் பெரியவர் தந்த டி50 கியர் பொக்ஸ் இல்லாமல் இதில் எதுவும் நகர்ந்திருக்காது. பெல் ஹவுசிங், ஃபிளைவீல், கிளச் ஃபோர்க், ஏன், நீளம் வித்தியாசமான போல்ட்டுகளைக்கூட தனித்தனிப் பையில் கட்டித் தந்தார். கனகாலம் ஓடியவருக்குத்தான் அந்த போல்ட்டின் அருமை தெரியும்.

2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் பங்கீடும் வந்தபோது கார் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. இடம் தந்த பக்கத்து வீட்டு ஐயாவுக்கும், பிறகு எஞ்சின் போட்ட சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட எங்கள் ஒழுங்கைக்கும், முக்கியமாகக் கைக்குழந்தை உள்ள அந்த வீட்டுக்கும் பெரிய நன்றி. எஞ்சின் இலக்க மாற்றத்துக்கான படிவங்களைப் பார்த்து நிரப்பித் தந்த மச்சாளுக்கும்.

டியூனிங் செய்த தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் எல்லாம் அருமையாக இருந்தது, நான் முடிந்தது என்றேன். அவர் முடியவில்லை என்றார். நாலு திராட்டில் உள்ள எஞ்சினில், காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வெற்றிட அளவு ஒழுங்காக வராது, அதனால் திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எத்தனை சுற்று என்ற இரண்டையும் பார்த்துத்தான் பெற்றோல் அளவைப் போட்டிருந்தார். கொழும்பு கடல் மட்டம். நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. திராட்டில் திறப்புக்கு அது தெரியாது, கொழும்புக் கணக்கிலேயே பெற்றோலை ஊற்றும், பிளக் கறுத்துவிடும். வெளிக் காற்றழுத்தத்தைத் தனியாகப் பார்க்க ஒரு சென்சர் போட்டு, அதற்கேற்ற திருத்தத்தை எழுதிய பிறகுதான் அவர் லப்டொப்பை மூடினார். கூலி கூட்டிக் கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் டாங்கியில் பெற்றோல் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை இழுக்காதபடி சின்ன சேர்ஜ் டாங்கி ஒன்று வைக்கச் சொன்னதும் அவர்தான்.

கடைசியாக அம்மா. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும். அம்மா அந்தச் செய்தியை முழுக்கப் பார்த்துவிட்டு, பல கார்கள் ஒன்றாகப் பாயும் ஓட்டம் எதற்கும் இந்தக் கார் போகக்கூடாது என்றார். ஒவ்வொரு காராக, நேரத்தோடு மட்டும் போட்டி போடும் ஹில் கிளைம்ப் என்றால் சரி. அதற்கும் கார் புரண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூடான ரோல் கேஜ், ஐந்து முனை பெல்ட், தீயணைப்பான் எல்லாம் பூட்டி, தானே கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான். அம்மா சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கூட்டை ஒட்டிய வெல்டிங் பாஸ் ஒவ்வொரு மூட்டையும் அம்மாவுக்குக் காட்டி விளக்கினார். அந்தப் பொறுமைக்கு அவருக்குத் தனி வணக்கம்.

இன்னும் இரண்டு விஷயம். நானா, உங்கள் செயின் புளொக்கை இந்த ஞாயிறு கொண்டுவந்து தருகிறேன். பழைய 4கே எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, ஒயில் குடிக்காது. கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள், யாருக்கும் கொடுக்கவில்லை. ரிங்கரிங் பாஸின் வேகனில் இருப்பதும் 4கேதான், அது இப்போது புகை தள்ளுகிறது. எஞ்சின் அவருக்கு. காசு பேச வேண்டாம் பாஸ், இறக்கிப் பூட்ட நாங்கள் எல்லாரும் வருகிறோம்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து