மண்ணை மட்டும் விற்க முடியாது, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. அக்காவுக்குப் பேரன் பிறந்த செய்தி உனக்கு எனக்கு முன்பே வந்திருக்கும். நான் பதில் போடவில்லை என்று நீ கோபமாக இருப்பதாகப் பிறை அண்ணன் சொன்னார். நீ என்ன எழுதியிருந்தாய்? "நம்ம லண்டன் கால்பந்து கிளப் செல்சிக்கு ஒரே வருஷத்தில் ரெண்டு கோப்பை. இனியாவது முதலாளியைத் திட்டாதே." இதற்கு இரண்டு வரியில் என்ன பதில் போடுவது?

கிளப் உலகக் கோப்பை வந்தபோது நானும்தான் கத்தினேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பாரிஸ்காரர்களுக்கு எதிராகப் பால்மர் இரண்டாவது கோலைப் போட்டதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்தச் சந்தோஷம் உண்மை. ஆனால் அது ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டியது.

2026 ஜனவரியில் நடந்ததைப் பார்த்தாய் அல்லவா? பயிற்சியாளர் மரெஸ்கா போனார். ஒரு வாரத்துக்குள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் கிளப்பின் பயிற்சியாளர் ரோசினியரை, சீசன் பாதியில் இருக்கும்போதே, இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். 2023இல் அந்த கிளப்பை வாங்கியதும் செல்சியின் முதலாளிகளான நம் புளூகோ நிறுவனம்தான், பிறகு யார் தடுப்பது? ஸ்ட்ராஸ்பூர்க் அணித்தலைவன் எமெகா 2026-27 சீசனில் செல்சிக்கு வருவான் என்று 2025 செப்டம்பரிலேயே அறிவித்தாயிற்று. அந்த ஊர் ரசிகர்கள் 2024-25 சீசனில் ஆட்டத்தின் முதல் 15 நிமிடம் வாயைத் திறக்காமல் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். நமக்கு லாபம்தானே என்று நீ சொல்வாய். எனக்கு வயிறு எரிந்தது, மச்சான். நூற்றாண்டு கண்ட ஒரு கிளப்பை நமக்கு நாற்றங்காலாக ஆக்கிவிட்டார்கள். நாளைக்கு இவர்கள் நம்மைவிடப் பெரிய கிளப் ஒன்றை வாங்கினால் நாம் யாருக்கு நாற்றங்கால்?

2022 மே மாதம் 250 கோடி பவுண்டுக்கு கிளப் கைமாறியது. வெளியில் தெரியும் முகம் டாட் போலி (Todd Boehly) என்ற அமெரிக்கர் என்றாலும் பெரும்பங்கு கிளியர்லேக் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துடையது. ஊரார் பணத்தைத் திரட்டி ஒன்றை வாங்குவது, விலை ஏறியதும் விற்பது, போட்டவர்களுக்கு லாபத்தோடு திருப்பிக் கொடுப்பது: அதன் தொழிலே அதுதான். தொழிலைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வாங்கும்போதே விற்கும் நாளை நினைத்து வாங்குகிறவனிடம் நம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு எப்படித் தூங்குவது? பழைய முதலாளி ரோமன் அப்ரமோவிச் நல்லவரா கெட்டவரா என்று மாமாக் கடையில் விடிய விடியச் சண்டை போட்டோமே, அவர் இருந்த 19 வருஷத்தில் எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை.

கணக்கையும் பார். மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களை 7 கோடியே 65 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். வாங்கியது அவர்களுடைய இன்னொரு நிறுவனம்! 2024இல் பெண்கள் அணியையும் ஏறக்குறைய 20 கோடிக்குத் தாய் நிறுவனத்துக்கே விற்று, நஷ்டக் கணக்கை லாபக் கணக்காகக் காட்டினார்கள். பிரீமியர் லீக் விதி தடுக்கவில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்க மறுத்து 2025இல் அபராதம் போட்டது. பயிற்சியாளர் எமா ஹேய்ஸ் 12 வருஷம் வளர்த்த அணி, மச்சான். தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்ற அணி. உன் மகள் அந்த அணியில் ஆடிய சாம் கெர் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாளே, அவளிடம் இதை எப்படிச் சொல்வாய்?

பயம் காட்டுகிறேன் என்று நினைக்காதே. பிரான்சின் போர்தோ (Bordeaux) கிளப்பை அமெரிக்க நிதியங்கள் 2018இல் வாங்கின. 2021இல் கையில் வைத்திருந்த நிதியம் இனிப் பணம் போட மாட்டேன் என்று எழுந்து போனது. 2009இல் பிரான்சின் சாம்பியன், 2024இல் நான்காம் டிவிஷன்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் கிளப், மிஃபாவை மறந்துவிட்டாயா? நம் பிள்ளைகள் ஆட ஒரு கிளப் என்று எவ்வளவு ஆசையாகப் பேசினோம். 2019இல் பிஜே சிட்டி என்று பெயர் மாறி மலேசிய சூப்பர் லீக்கில் ஏறியது. 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் பயிற்சியாளர் பி. மணியம் அந்த அணியை நடத்தினார். அந்த சீசன் முடிந்ததும் முதலாளிகள் அணியை லீக்கிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஒரு அறிக்கை, அதோடு சரி. நம் நண்பன் நெட்டை அன்றைக்கு போனில் பேசவே முடியாமல் வைத்துவிட்டான், ஞாபகம் இருக்கிறதா? பேராக், ஸ்ரீ பகாங் அணிகளும் 2025இல் அப்படித்தான் போயின. ரசிகனை யார் கேட்டார்கள்?

ஆனால் செல்சியில் ரசிகனைக் கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எண்பதுகளில் நில வியாபாரிகள் செல்சி மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜை இடித்து வீடு கட்டப் பார்த்தார்கள். மறுபடி அப்படி நடக்கக் கூடாதென்று 1993இல் செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் புல்தரையும் அதன் அடியில் இருக்கும் நிலமும் இன்றைக்கு அதன் கையில். பங்குதாரர்கள் நம்மைப் போன்ற ரசிகர்கள். கிளப் வேறு மைதானத்துக்குப் போனால் இவர்கள் சம்மதம் இல்லாமல் செல்சி என்ற பெயரைக்கூட எடுத்துப்போக முடியாது. 2011 அக்டோபரில் ரோமனே நிலத்தைத் திருப்பிக் கேட்டார். 75 சதவீத ஓட்டு வேண்டும், 61.6தான் கிடைத்தது. அத்தனை கோடி வைத்திருந்தவருக்கே முடியாது என்று சொல்லிவிட்டார்கள்! லண்டனிலேயே எர்ல்ஸ் கோர்ட் என்ற இடத்துக்கு மைதானத்தை மாற்றலாமா என்ற பேச்சு இப்போது வந்து வந்து போகிறது. இவர்களும் அதே ஓட்டுக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

எனக்கு இதுதான் இப்போது பெரிய விஷயம். பங்கு வாங்க லண்டனில் இருக்க வேண்டியதில்லை. விலை 100 பவுண்டு அளவில்தான் இருக்கும், இந்த வருஷ ஜெர்சியை வாங்காமல் விட்டால் பாதி வந்துவிடும். நான் ஒன்று வாங்கப் போகிறேன். நீயும் வாங்கு. நெட்டைக்குப் பிறந்தநாள் பரிசாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா? தண்ணீர்மலைக்கு ஏறும் முன் வீட்டில் பசியாறிவிட்டுப் போகலாம். வரும்போது உன் பாஸ்போர்ட் நகலைக் கொண்டு வா, கேட்டாலும் கேட்பார்கள். உட்கார்ந்து பாரத்தை நிரப்பிவிடுவோம். அப்புறம், உன் மகளையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் பட்டர்வொர்த் மச்சான்