கோபுரத்தின் மேல் பாரம் ஏற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைக் கண்காட்சிகளுக்குப் பிள்ளைகள் பல்சா என்ற மிக இலேசான மரத்தின் குச்சிகளில் கோபுரம் கட்டிக்கொண்டு வந்தால், நடுவர்கள் முதலில் பார்ப்பது உயரத்தை. அப்புறம் வர்ணம் ஒழுங்காகப் பூசியிருக்கிறதா என்று ஒரு பார்வை, பரிசைக் கொடுத்தால் சரி. கோபுரம் எத்தனை கிராம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. என் மகளின் பாடசாலையிலும் இதே கதைதான். முதற்பரிசு வாங்கியதன் மேல் ஒரு அகராதியை வைத்திருந்தாலே சரிந்திருக்கும் (கட்டியது பிள்ளையா அப்பாவா என்பது வேறு விசயம்).

பல்சாவை எடுப்பதே அதன் நிறைக்கு அது காட்டும் பலத்துக்காகத்தான். ஆனால் ஒரே அளவில் வெட்டிய இரண்டு குச்சிகளில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு பாரமாக இருக்கலாம், கன மீற்றருக்கு 100 கிலோ வருவதும் உண்டு, 200ஐத் தாண்டுவதும் உண்டு. அதனால் வாங்கி வந்த குச்சிக்கட்டை அப்படியே பிரித்து ஒட்டத் தொடங்காமல், கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பாரமானதைக் கால்களுக்கும் இலேசானதைக் குறுக்குச் சட்டங்களுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கால்கள் பெரும்பாலும் நசுங்கி உடைவதில்லை, வளைந்துதான் உடைகின்றன. ஒரு அடிக் குச்சியை நிமிர்த்தி மேலே விரலால் அழுத்தினால் நடுப்பகுதி பக்கவாட்டில் பிதுங்குவது தெரியும். அந்த நடுவை எந்தப் பக்கமும் அசையாதபடி பிடித்துவிட்டால் தாங்கும் பாரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே ஒயிலர் என்ற கணித மேதை போட்ட கணக்கு இது. ஆனால் நடுவைப் பிடிக்கக் கிடையாகப் போடும் சட்டம் மட்டும் போதாது. சதுரம் தள்ளினால் சரியும், முக்கோணம் சரியாது, ஆகவே மூலைக்கு மூலை சாய்வுச் சட்டமும் வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் கொழும்பின் தாமரைக் கோபுரத்தைத்தான் பார்த்துச் செய்கிறார்கள், ஆனால் அதன் தண்டு கொங்கிறீற், குச்சிக்கு அந்த வழி சரிவராது. 1889இல் திறந்த ஈபெல் கோபுரத்தின் அகன்ற கால்களையும் இரும்புப் பின்னலையும் பார்க்கட்டும், அவ்வளவு தூரம் போக மனமில்லாவிட்டால் வெள்ளவத்தை மொட்டை மாடிகளில் நிற்கும் தொலைபேசிக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தாலும் போதும்.

ஒட்டும்போது குச்சியின் நுனியை மட்டும் முட்டவைத்தால் மூட்டு சீக்கிரம் விடும், பக்கத்தோடு பக்கம் படியவைத்து மெல்லிசாகப் பசை பூசினால் நிற்கும். வழிய வழியப் பூசுவதால் கோபுரத்தின் நிறைதான் கூடும். முழு அளவில் படம் வரைந்து, அதன் மேல் பொலித்தீன் விரித்து, இரண்டு பக்கங்களைப் படுக்கையில் ஒட்டிக் காயவைத்த பிறகு நிமிர்த்தி இணைத்தால் முறுக்கு விழாது. இன்னொன்று, நம் ஊர்க் காற்றில் மரம் ஈரத்தை இழுக்கும், ஆகவே எல்லோருடைய கோபுரத்தையும் போட்டியன்றே நிறுக்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை உச்சியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை மெல்ல மெல்ல மணல் கொட்டுங்கள். தாங்கிய பாரத்தைக் கோபுரத்தின் நிறையால் பிரித்து வரும் எண்ணுக்குப் பரிசு கொடுங்கள். போனில் வீடியோ எடுத்தால் எந்த மூட்டு முதலில் விட்டது என்பதும் தெரிந்துவிடும். உடைத்தால் பிள்ளைகள் அழுவார்கள் என்று ஒரு ரீச்சர் சொன்னார். அழமாட்டார்கள், கைதட்டுவார்கள். கிட்ட நிற்கிறவர்களுக்குக் கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் மாட்டிவிடுங்கள்.

ஒரு தந்தை,
வெள்ளவத்தை, கொழும்பு 6